பசுமைக் கட்டிடமும் பாட்டாளி மக்களும்: சலுகை யாருக்கு? பட்டயம் யாருக்கு?

(கட்டிடத் தொழிலாளர் சங்க ஊழியர்களின் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த வகுப்புக்கு வைத்திருக்கும் தலைப்பைப் பார்த்ததும் சில தோழர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "கூலி பாக்கி நிற்கிறது. சாரம் சரிந்து ஆள் விழுகிறான். நல வாரிய அட்டையைப் புதுப்பிக்க அலைகிறோம். இத்தனை பிரச்னைகள் தலைக்கு மேல் கிடக்கும்போது பசுமைக் கட்டிடம், மின்சாரச் சிக்கனம் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? இது இஞ்சினீயர்கள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமல்லவா?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இன்று நாட்டில் கட்டிடம் கட்டும் முறை மாறிக்கொண்டு வருகிறது. அந்த மாறுதலைச் சட்டம் போட்டும் சலுகை கொடுத்தும் சர்க்கார் தூண்டுகிறது. புதுப் பரீட்சைகளும் புதுப் பட்டயங்களும் வந்திருக்கின்றன. எந்தக் கட்டிடத்துக்கு அனுமதி, யாருக்கு வேலை, யாருக்குக் கூடுதல் கூலி என்பதையெல்லாம் நாளை இவை தீர்மானிக்கப் போகின்றன. அது ஒரு பக்கம். மறு பக்கத்தில், நம் கையால் எழும்பும் குளுமையான கட்டிடம் வேறொருவருக்கும், கொதிக்கும் கூரை நமக்கும் என்று ஒரு பாகப் பிரிவினை நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே இது நம்முடைய பிரச்னை. வேலைப் பிரச்னை, வீட்டுப் பிரச்னை, உயிர்ப் பிரச்னை.

விஷயம் என்ன?

ஒரு கட்டிடத்தைக் கட்டவும் அதில் வாழவும் எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்று கணக்குப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். சூளையில் செங்கல் வேக வேண்டும். சிமிண்டு ஆலையில் சுண்ணாம்புக்கல் எரிய வேண்டும். இரும்பு உருக வேண்டும். கட்டி முடித்த பிறகு விளக்கு, விசிறி, குளிர்சாதனம், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும். உலகில் எரிபொருளாலும் ஆலைகளாலும் வெளியாகும் கரிவாயுவில் சுமார் 37 சதவிகிதம் கட்டிடங்களையும் கட்டுமானத்தையும் சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டுக்குக் கணக்குக் காட்டியது.

இதைக் குறைக்கும்படி கட்டப்படுவதே பசுமைக் கட்டிடம். வெயில் நேரே விழாத ஜன்னல், காற்றோட்டம், சூட்டை உள்ளே விடாத கூரை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சாதனங்கள், மழைநீரைச் சேமிக்கும் ஏற்பாடு, இவைதான் அதன் அம்சங்கள். பச்சை வர்ணம் பூசுவதல்ல.

இதில் நமக்குப் புதிது எவ்வளவு? நம் முன்னோரான கொத்தனார்கள் மெட்ராஸ் ஒட்டு போட்டார்கள். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டித் தட்டி இறுக்கினார்கள். அதன் மேல் தட்டோடு பதித்தார்கள். கோடையில் அந்த வீட்டுக்குள் நுழைந்தவனுக்கு அதன் அருமை தெரியும். இன்று நாம் போடுவது வெறும் கான்கிரீட் தளம். பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. இரவு முழுவதும் அதைத் தூங்குகிறவன் தலைமேல் கக்குகிறது. தளம் போடுகிறவனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அவனை யாரும் கேட்பதில்லை.

மார்க்குப் போடும் ஸ்தாபனங்கள்

ஒரு கட்டிடம் பசுமையானதா இல்லையா என்று சொல்ல ஸ்தாபனங்கள் ஏற்பட்டிருக்கின்றன. 1993-ல் அமெரிக்காவில் பசுமைக் கட்டிடக் கவுன்சில் துவங்கியது. 2000-ல் அது "லீட்" என்ற மதிப்பீட்டு முறையை வெளியிட்டது. மொத்தம் 110 மார்க்கு. 40 வாங்கினால் சான்று, 50 வாங்கினால் வெள்ளி, 60-க்குத் தங்கம், 80-க்குப் பிளாட்டினம். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரிதான்.

நம் நாட்டில் 2001-ல் இந்தியத் தொழில் கூட்டமைப்பு, அதாவது பெரிய முதலாளிகளின் சங்கம், இந்தியப் பசுமைக் கட்டிடக் கவுன்சிலை அமைத்தது. ஐதராபாதில் அந்தக் கூட்டமைப்பு கட்டிய கட்டிடத்துக்கு 2003-ல் பிளாட்டினம் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் பிளாட்டினம் அதுதான். 2004-ல் ஜனாதிபதி அப்துல் கலாம் அதைத் திறந்துவைத்தார். பிறகு டெரி என்ற ஆராய்ச்சி ஸ்தாபனமும் மத்திய சர்க்காரின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி இலாகாவும் சேர்ந்து "கிரிஹா" என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் ஒரு நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை உண்டு.

இவற்றுக்குப் பக்கத்தில் சட்டமும் வளர்ந்திருக்கிறது. 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம். 2002-ல் அதை நடத்த எரிசக்திச் சிக்கன ஆணையம். 2007-ல் பெரிய வர்த்தகக் கட்டிடங்களுக்கு விதித்தொகுப்பு. 2017-ல் அதன் திருத்தம். 2018-ல் குடியிருப்பு வீடுகளுக்கு ஒரு விதித்தொகுப்பு. சுவரும் ஜன்னலும் எவ்வளவு சூட்டை உள்ளே விடலாம் என்பதற்கு அது ஒரு வரம்பு கட்டியது: சதுர மீட்டருக்கு 15 வாட். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, பெரிய குடியிருப்புக் கட்டிடங்களையும் இதற்குள் கொண்டுவந்தார்கள்.

நோக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது, மதிப்பு யாருக்குக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சலுகை யாருக்குப் போகிறது?

முதலாவது சலுகை, கூடுதலாகக் கட்ட அனுமதி. ஒரு மனையில் இத்தனை சதுர அடிதான் கட்டலாம் என்று விதி இருக்கிறதல்லவா? பசுமைச் சான்று வாங்கினால் அதற்கு மேலும் கட்டலாம். தில்லிக்கு அருகே நோய்டாவில் கிரிஹா நான்கு நட்சத்திரம் போன்ற சான்று பெறும் பெரிய மனைகளுக்கு 5 சதவிகிதம் கூடுதல் என்று விதி செய்தார்கள். மேற்கு வங்கத்தில் 10 சதவிகிதம் வரை என்றார்கள். 1 லட்சம் சதுர அடி கட்டுகிறவருக்கு 5 சதவிகிதம் என்றால் 5,000 சதுர அடி. நகரத்தில் ஒரு சதுர அடி என்ன விலை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கார் கஜானாவிலிருந்து ரொக்கமாக ஒரு காசு கொடுக்கவில்லை என்பார்கள். ஆனால் ஊரின் காற்றும் தெருவும் தண்ணீரும் எல்லோருக்கும் பொது. அந்தப் பொதுச் சொத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான் அந்த 5,000 சதுர அடி.

அதை வாங்கியவர் வீடுகளை விற்றுவிட்டுப் போய்விடுகிறார். பிறகு அங்கே மின்சாரம் மிச்சமாயிற்றா இல்லையா என்று மீட்டரைப் பார்க்க வேண்டியவர் யார்? சான்றில் பெரும் பகுதி வரைபடத்தையும் கணக்கையும் பார்த்துக் கொடுப்பது. மீட்டர் சொல்லும் கதை பிறகு வருவது.

இரண்டாவது, கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மானியம். 2024-ல் மத்திய சர்க்கார் 1 கோடி வீடுகளுக்கு என்று திட்டம் அறிவித்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000. நல்ல திட்டந்தான். ஆனால் அதற்கு முதல் நிபந்தனை சொந்தக் கூரை. வாடகைக்கு ஒற்றை அறையில் இருக்கும் சித்தாளுக்கு ஏது கூரை? எட்டு மாடிக் குடியிருப்பில் நாலாம் மாடியில் இருப்பவனுக்கு எது அவன் கூரை?

மூன்றாவதாக, குடியிருப்பவனுக்கும் கட்டுகிறவனுக்கும் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். நல்ல கூரை போட்டால் செலவு கட்டுகிறவருக்கு. மின்சாரம் மிச்சமாவது குடியிருப்பவனுக்கு. ஆகவே கட்டுகிறவர் மலிவான தளத்தைப் போடுகிறார். குடியிருப்பவன் புழுங்குகிறான், விசிறியை நிறுத்தாமல் ஓட்டுகிறான், பில் கட்டுகிறான்.

சாதாரண மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கிறது. நாளைக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். 2016-ல் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். ஒரே ஒரு விசிறி அதில் 90-ஐ விழுங்கிவிடுகிறது! பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது விசிறி சுமார் 30 வாட்டில் ஓடுகிறது. அதே 20 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட்தான். மிச்சம் 54 யூனிட். ஆனால் விலை அதிகம். மாதக் கடைசியில் அரிசிக்கே கைமாற்று வாங்குகிறவன் அதை எப்படி வாங்குவான்? வாடகை வீடானால் இலவச யூனிட்டின் பலனும் பல இடங்களில் வீட்டுக்காரரோடு நின்றுவிடுகிறது. யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று அவர் சொன்னதுதான் கட்டணம்.

இன்னும் ஒரு உதாரணம். 2010 மார்ச் மாதத்தில் சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டசபைக்கென்று ஒரு கட்டிடத்தைப் பிரதம மந்திரி மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அதற்கு லீட் தங்கச் சான்று கிடைத்தது. 2014-ல் அது ஆஸ்பத்திரியாயிற்று. ஜனங்களுக்குப் பயன்படுகிறது, சந்தோஷம். ஆனால் அதே காலத்தை ஒட்டி, நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்தெடுத்த மக்களுக்காகப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள் எழுந்தன. மந்திரிகள் உட்காரப் போகும் கூரைக்குத் தங்கம் வாங்கத் தெரிந்த சர்க்காருக்கு, இந்தக் கூரைகளுக்கும் ஒரு அளவுகோல் வைக்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?

நெவாடா தரும் பாடம்

சலுகையை நிபந்தனையில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

நெவாடா மாகாணத்தில் லாஸ் வேகாஸ் என்ற சூதாட்ட நகரம் இருக்கிறது. 2005-ல் அந்த மாகாண சட்டசபை, லீட் வெள்ளிச் சான்றோ அதற்கு மேலோ பெறும் கட்டிடங்களுக்குச் சொத்து வரியில் 50 சதவிகிதம் வரை, 10 ஆண்டு வரை தள்ளுபடி என்று சட்டம் செய்தது. கட்டுமானப் பொருள்களுக்கு விற்பனை வரியிலும் சலுகை. சூதாட்ட விடுதி முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். வரிப்பணம் கரைவதைக் கண்டு பயந்து 2007-ல் அதே சட்டசபை சலுகையைக் குறைத்தது.

அந்த நாளில் அங்கே எழுந்துகொண்டிருந்த பிரம்மாண்டமான விடுதி வளாகம் சிட்டிசென்டர். வேலை வேகம், வேகம் என்று ஓடியது. 2007, 2008 ஆண்டுகளில் அந்த ஒரே வேலைத்தளத்தில் ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். 2008 ஜூன் மாதம் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஒரே நாள் வேலைநிறுத்தம். பாதுகாப்புப் பயிற்சிக்கும், சங்கப் பிரதிநிதிகள் தளத்துக்குள் வந்து பார்ப்பதற்கும் நிர்வாகம் இணங்கிற்று. 2009-ல் கட்டிடம் திறக்கப்பட்டது. லீட் தங்கச் சான்றுகள் ஆறு கிடைத்தன.

சான்று கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. தண்ணீர், மின்சாரம், மரம், கண்ணாடி எல்லாவற்றுக்கும் அவர்கள் மார்க்குப் போட்டார்கள். செத்த தொழிலாளிக்காக மார்க்கைக் குறைக்கும் வரி அந்நாளைய பட்டியலில் இல்லை. அவ்வளவுதான். எதற்கு மார்க்கு இல்லையோ அது முதலாளியின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் நாட்டுப் பட்டியல்களில் நிலைமை கொஞ்சம் வேறு. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரிஹா முறையில் கட்டுமானத் தொழிலாளருக்குக் கழிப்பிடம், குடிநீர், பாதுகாப்பு பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. இந்தியக் கவுன்சிலின் பட்டியலிலும் கட்டுமான ஊழியர்களுக்கு அடிப்படை வசதி என்று ஒரு இனம் உண்டு. மார்க்கு மிகக் குறைவு, ஆனாலும் இருக்கிறது. பிளாட்டினத்துக்குப் போகும் அடுக்குமாடியின் பக்கத்திலேயே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர்கள் தகரக் கொட்டகையில் வேகிறார்கள். நாம் அங்கே போய் "தொழிலாளர் வசதி என்று மனுவில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? காட்டுங்கள்" என்று கேட்கலாம். இது நம் கைக்குக் கிடைத்த ஆயுதம். எத்தனை கிளைகள் இதைப் பயன்படுத்தப் போகின்றன?

பட்டயம் யாருக்கு?

இனி பட்டயங்களுக்கு வருவோம். அமெரிக்கக் கவுன்சில் ஒரு பரீட்சை நடத்தி "அங்கீகாரம் பெற்ற நிபுணர்" என்று பட்டம் தருகிறது. இந்தியக் கவுன்சிலும் அப்படியே. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எரிசக்தித் தணிக்கையாளர், எரிசக்தி மானேஜர் என்று சர்க்காரே தரும் பட்டயங்களும் உண்டு. 2004 முதல் பரீட்சைகள் நடந்துவருகின்றன. அதில் உட்கார, இஞ்சினீயரிங் பட்டதாரிக்கு 3 வருஷ அனுபவம், டிப்ளமோ படித்தவருக்கு 6 வருஷ அனுபவம் என்று விதி வகுத்தார்கள். ஐ.டி.ஐ. படித்துவிட்டு 30 வருஷம் மோட்டாரும் பேனலும் பார்த்த எலெக்ட்ரீஷியனுக்கு அந்த விதியில் வாசல் இல்லை.

இன்னொரு செய்தி கேளுங்கள். லீட் முறையில், பரீட்சை தேறிய நிபுணர் ஒருவர் கட்டிடக் குழுவில் இருந்தாலே கட்டிடத்துக்கு 1 மார்க்கு கிடைக்கும். தேர்ந்த கொத்தனார் இருந்தால் எத்தனை? பூஜ்யம்.

படித்தவர்களுக்கு விரோதமாக நாம் இதைச் சொல்லவில்லை. கணக்குப் போடத் தெரிந்தவர் வேண்டும். வரைபடம் போடத் தெரிந்தவர் வேண்டும். அவர்களும் உழைத்துப் பிழைக்கிறவர்கள்தான். நாம் கேட்பது வேறு. காகிதத்தில் போட்ட கணக்கைக் கல்லில் நிறைவேற்றுவது யார்? ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு விட்டால் குளிர்சாதனத்தின் குளிர் முழுவதும் அதன் வழியே போகிறது. தளத்தின் மேல் ஓட்டைச் சரியாகப் பதிக்காமல், மூலைகளை அடைக்காமல் விட்டால் ஒரே மழையில் நீர் இறங்குகிறது. வயரில் முறுக்குத் தளர்ந்தால் சூடேறி மின்சாரம் வீணாகிறது, தீப்பிடிக்கவும் செய்கிறது. சிக்கனம் என்பது கடைசியில் கரணை பிடித்த கையிலும் பிளையர் பிடித்த கையிலும் இருக்கிறது. அந்தக் கைக்குப் பட்டயம் இல்லை. பட்டயம் இல்லாததால் பேரம் பேசும் சக்தி இல்லை.

வேலையே பறிபோகும் அபாயமும் இருக்கிறது. பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை முன்வார்ப்பு முறையில் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அஸ்திவாரம்; 2022 மே மாதம் திறப்பு விழா. தொழிற்சாலையில் வார்த்த சுவரையும் தளத்தையும் கிரேன் தூக்கி வைக்கிறது. செங்கல் அடுக்கும் வேலையும் பூச்சு வேலையும் சுருங்குகின்றன. புது முறை வரக் கூடாது என்று நாம் மறியல் செய்ய முடியாது. ஆனால் புது வேலையைக் கற்றுக்கொள்ளும் உரிமை முதலில் பழைய வேலை பார்த்தவனுக்கு வேண்டும் என்று போராட முடியும்; போராட வேண்டும்.

முடியாத காரியமா இது? தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நம்மில் பலர் எழுதியிருக்கிறோம். 5 வருஷம் வயரிங் வேலை பார்த்திருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், பட்டம் கேட்கவில்லை. கையால் செய்து காட்டினால் சர்க்கார் சான்று. கம்பியாளுக்கு முடிந்தது கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் ஏ.சி. மெக்கானிக்குக்கும் ஏன் முடியாது?

இரண்டு தவறான போக்குகள்

இந்தப் பிரச்னையில் நம் நடுவே இரண்டு தவறான போக்குகள் தலைகாட்டுகின்றன.

ஒன்று, "இதெல்லாம் முதலாளிகள் செய்யும் விளம்பர மோசடி, நமக்குச் சம்பந்தமில்லை" என்று ஒதுக்குவது. இது வீரம் போலத் தோன்றும். உண்மையில் களத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுப்பது. வெயில் மோசடியல்ல. வெப்பத்தால் 2030-ல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 சதவிகிதத்தை இழக்கும் என்றும், அது 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம் என்றும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-ல் மதிப்பிட்டது. அதில் முன்வரிசையில் நிற்பவர்கள் வயலில் இருப்பவர்களும் சாரத்தில் இருப்பவர்களுந்தான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இந்த நிலையில் குளுமையான கூரை ஆடம்பரமல்ல. சோறு, துணி போல அவசியம்.

மற்றொன்று, சான்றையும் நட்சத்திரத்தையும் கண்டு மயங்குவது. சலுகை கொடுத்தால் முதலாளி தானாகவே நல்லது செய்வார், அதன் பலன் சொட்டுச் சொட்டாகக் கீழே வரும் என்று நம்புவது. நெவாடாவில் வந்ததா?

சரியான நிலை என்ன? பசுமைக் கட்டிடத்தை நாம் ஆதரிக்கிறோம். அது எல்லோருக்கும் வேண்டும் என்கிறோம். சலுகை கொடுத்தால் அதற்கு ஈடாக ஜனங்களுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குக் கேட்கிறோம். திறமைக்குப் பட்டயம் என்றால் கையின் திறமைக்கும் பட்டயம் கேட்கிறோம்.

வேறு வழி உண்டு

"சர்க்கார் சலுகை கொடுக்காமல் வேறு எப்படிச் செய்ய முடியும்?" என்று கேட்பவர்களுக்கு மூன்று அனுபவங்களைச் சொல்வோம்.

முதலாவது, எல்.இ.டி. பல்பு. 2014 ஜனவரியில் சர்க்கார் ஸ்தாபனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது. நாடு முழுவதற்குமாகச் சேர்த்துக் கோடிக்கணக்கில் டெண்டர் விட்டதும் 2016-ல் அதே ஸ்தாபனம் 38 ரூபாய்க்கு வாங்கியது! 36 கோடிக்கு மேல் பல்புகள் ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. நட்சத்திரமும் தங்கமும் கொடுத்து நடந்த காரியமா இது? பொது ஸ்தாபனம் மொத்தமாக வாங்கி நியாய விலைக்குக் கொடுத்தது. 2023 நவம்பரில் மின்விசிறிக்கும் இப்படி ஒரு திட்டம், 1 கோடி விசிறி என்று அறிவித்தார்கள். அது நம் வீட்டு வாசலுக்கு வர வேண்டும்.

இரண்டாவது, கேரளம். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனான லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர் அங்கே வாழ்ந்தார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் "எலிப்பொறிக் கட்டு" முறையை அவர் பரப்பினார். சுமார் 25 சதவிகிதம் செங்கல் மிச்சம். நடுவே நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கிறது. தளத்திலும் காங்கிரீட் தேவையில்லாத இடத்தில் ஓட்டைப் பதித்துச் சிமிண்டைக் குறைத்தார். கேரளத்தின் முதல் மந்திரியாக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் சி. அச்சுத மேனன், பதவியிலிருந்து விலகிய பிறகு, பேக்கரோடும் பொருளாதார அறிஞர் கே. என். ராஜோடும் சேர்ந்து 1985-ல் திருச்சூரில் "காஸ்ட்ஃபோர்டு" என்ற ஸ்தாபனத்தை அமைத்தார். ஏழைக்குக் குறைந்த செலவில் வீடு, அதற்குக் கொத்தனாருக்குப் பயிற்சி, இதுதான் வேலை. பசுமைக் கட்டிடம் என்ற சொல் நம் ஊர்ப் பத்திரிகைகளில் அடிபடுவதற்கு முன்னாலேயே அவர்கள் காரியத்தில் இறங்கிவிட்டார்கள்.

அதே கேரளத்தில் 1925-ல் வடகரைக்கு அருகே ஊராளுங்கல் தொழிலாளர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கூலிக்காரர்கள் துவங்கிய அந்தச் சங்கம் நூறு ஆண்டு கண்டுவிட்டது. சாலை, பாலம், பெருங்கட்டிடம் எல்லாம் எடுத்துச் செய்கிறது. காண்டிராக்டர் இல்லாமல் கட்டிடம் எழும்பாது என்று சொல்கிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

மூன்றாவது, தெலங்கானா. 2023-ல் அந்த மாநிலம் குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையைக் குளிர்விப்பது இலக்கு. வெள்ளைப் பூச்சு, வெள்ளை ஓடு போன்ற எளிய முறைகள்தான். சர்க்கார் கட்டிடங்களுக்கும் வர்த்தகக் கட்டிடங்களுக்கும், 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனையில் கட்டும் வீடுகளுக்கும் கட்டாயம். அதற்குக் கீழே அவரவர் விருப்பம் என்றார்கள். 600 சதுர கஜத்துக்குக் கீழேதானே ஏழை இருக்கிறான்? அவன் விருப்பப்பட்டால் பூச்சுக்குப் பணம்? இந்த ஓட்டையை அடைத்துத்தான் தமிழ்நாட்டில் நாம் கோரிக்கை வைக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்

ஆகவே தோழர்களே, கீழ்க்கண்ட கோரிக்கைகளை ஒவ்வொரு கிளையும் விவாதிக்க வேண்டும்:

1. வாரியக் குடியிருப்புகளின் மேல்மாடிகள், தொகுப்பு வீடுகள் அனைத்துக்கும் சர்க்கார் செலவில் குளிர்கூரை. இந்த வேலை உள்ளூர்த் தொழிலாளருக்கே தரப்பட வேண்டும்.

2. பசுமைச் சலுகை பெறும் கட்டிடம், குடியேறிய பிறகு ஓர் ஆண்டு மின்சாரக் கணக்கைப் பகிரங்கமாகக் காட்ட வேண்டும். சொன்னபடி மிச்சமாகாவிட்டால் சலுகையின் மதிப்பைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

3. உயிர்ச்சேதம் நடந்த தளத்துக்கும், கூலி பாக்கி வைத்த தளத்துக்கும், நல வாரியத்துக்குக் கட்ட வேண்டிய 1 சதவிகிதத் தீர்வையைக் கட்டாத தளத்துக்கும் எந்தச் சலுகையும் கூடாது.

4. கொத்தனார், சித்தாள், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக் ஆகியோருக்குத் தமிழில், செய்முறையாக, பட்டம் கேட்காத தகுதித் தேர்வு. பயிற்சி நாட்களுக்குக் கூலி. தேறியவருக்குக் கூடுதல் கூலி விகிதம். ஆயுள் முழுவதும் கல் சுமந்து சித்தாளாகவே கிழவியாகும் பெண்களுக்கு அந்தப் பயிற்சியில் முதலிடம்.

5. கோடையில் நடுப்பகல் ஓய்வு, நிழல், குடிநீர். தொழிலாளர் தங்கும் கொட்டகைக்கும் சூடு தடுக்கும் கூரை.

6. சிக்கனமான மின்விசிறியைச் சர்க்கார் மொத்தமாக வாங்கி, ரேஷன் கடை மூலம் தவணையில் தர வேண்டும்.

கோரிக்கை எழுதி மனுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பசுமைச் சான்றுக்கு மனுச் செய்திருக்கும் வேலைத்தளங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். வாசலில் விளம்பரப் பலகையே வைத்திருப்பார்கள், கஷ்டமில்லை. அங்கே தொழிலாளர் வசதி எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். குடியிருப்புப் பகுதிகளில் மாதர் சங்கத் தோழர்களோடு சேர்ந்து மேல்மாடி வீடுகளுக்குப் போங்கள். விசிறி எத்தனை, பில் எவ்வளவு, இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கணக்கோடு வாரிய ஆபீசுக்குப் போனால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். இஞ்சினீயர்கள் நடுவிலும், கட்டிடக் கலை மாணவர்கள் நடுவிலும் நம் பக்கம் நிற்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வகுப்புக்கு அழையுங்கள். அவர்கள் நமக்குக் கணக்குச் சொல்லித் தரட்டும். நாம் அவர்களுக்குக் கல்லும் கலவையும் சொல்லித் தருவோம்.

வெயில் வருஷா வருஷம் ஏறுகிறது. நாடு இனிக் கட்டப் போகும் கோடிக்கணக்கான வீடுகளையும் கட்டப் போவது நம் கைகள்தான். அந்தக் கைகளுக்கு மதிப்பும், அந்தக் கைகளுக்குரியவன் குடும்பத்துக்குக் குளிர்ந்த கூரையும் வேண்டும். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டுப் பெற நமக்குச் சங்கம் உண்டு.

அடுத்த கோடைக்கு முன்னால் வேலையைத் துவக்குவோம்.